கீபோர்டைச் செருகியதும் டிரைவரை ஏற்றுவது யார்?

கேள்வி இதுதான்: யூஎஸ்பி கீபோர்டையோ மவுஸையோ செருகிய ஒரு நொடிக்குள் லினக்ஸ் அதற்கான டிரைவரை ஏற்றிவிடுகிறது. எது சரியான டிரைவர் என்று லினக்ஸின் மையப் பகுதியான கர்னலுக்கு எப்படித் தெரிகிறது? கூடவே ஒரு துணைக்கேள்வி: என் லேப்டாப்பில் ஜாய்ஸ்டிக்கே கிடையாது, ஆனாலும் ஏறியிருக்கும் மாட்யூல்களின் (தேவைப்படும்போது கர்னலோடு சேரும் குறிநிரல் துண்டுகளின்) பட்டியலில் ஜாய்ஸ்டிக் மாட்யூலான ஜாய்டெவ் உட்கார்ந்திருக்கிறதே, ஏன்?

துணைக்கேள்விதான் இதில் சுவையானது. அதற்கு ஒழுங்காகப் பதில் சொல்ல வேண்டுமென்றால் முதல் கேள்வியை அடியிலிருந்து தொடங்க வேண்டும்.

எது சரியான டிரைவர் என்று கர்னலுக்குத் தெரியாது. சாதனம் தன்னைப் பற்றி ஏதோ சொல்கிறது. கர்னல் அதை ஒரே வரியாக எழுதி வெளியே அறிவிக்கிறது. யூசர் ஸ்பேஸில், அதாவது கர்னலுக்கு வெளியே, ஓடிக்கொண்டிருக்கும் யூடெவ் என்ற நிரல் அந்த வரியை ஒரு பட்டியலில் தேடி, பொருந்தும் மாட்யூலை ஏற்றச் சொல்கிறது. அந்தப் பட்டியல், டிரைவர் எழுதியவர்கள் கம்பைல் செய்யும்போதே விட்டுச்சென்றது. நெட்வொர்க் கார்டுக்கு இது ஒரு சுற்றோடு முடிந்துவிடும். கீபோர்டு, மவுஸ், கேம்பேட் போன்ற உள்ளீட்டுச் சாதனங்களுக்கு இதே கூத்து அடுக்கடுக்காக மூன்று தடவை நடக்கிறது. முதல் சுற்றில் ‘நீ யார்’ என்று கேட்கப்படுகிறது. கடைசிச் சுற்றில் ‘உன்னால் என்ன செய்ய முடியும்’ என்று கேட்கப்படுகிறது. இந்த வித்தியாசம் பிடிபட்டால் மற்றதெல்லாம் தானாக விளங்கும்.

முதல் சுற்றைப் பார்ப்போம். போர்ட்டில் ஏதோ வந்து சேர்ந்ததும் கர்னலின் யூஎஸ்பி பகுதியான யூஎஸ்பி கோர் அந்தப் போர்ட்டை ரீசெட் செய்து, சாதனத்துக்கு ஒரு முகவரி கொடுத்து, அதன் டிஸ்கிரிப்டர்களை, அதாவது சாதனம் தன்னைப் பற்றித் தரும் விவரக்குறிப்புகளை, படிக்கிறது. லாஜிடெக் கே120 கீபோர்டை எடுத்துக்கொண்டால், தயாரிப்பாளர் எண் 046டி, பொருள் எண் சி31சி. முதல் இன்டர்ஃபேஸின் கிளாஸ் 03, அதாவது ஹெச்ஐடி என்ற மனித உள்ளீட்டுச் சாதன வகை. சப்கிளாஸ் 01, அதாவது பயாஸ் திரையிலும் வேலை செய்யக்கூடிய பூட் வகை. புரோட்டோகால் 01, அதாவது கீபோர்டு. மவுஸாக இருந்தால் இது 02. இந்த எண்களையெல்லாம் கர்னல் இடைவெளி விடாமல் ஒரே சரமாகக் கோத்துவிடுகிறது: முதலில் பஸ்ஸின் பெயர், அதன்பின் தயாரிப்பாளர், பொருள், சாதனப் பதிப்பு, சாதனத்தின் கிளாஸ் விவரம், கடைசியில் இன்டர்ஃபேஸின் கிளாஸ் விவரம். ஒவ்வொரு எண்ணுக்கும் முன்னால் அது எதன் எண் என்று காட்ட ஒன்று முதல் மூன்று எழுத்து. இந்தச் சரத்துக்குப் பெயர் மோட்அலையஸ். சாதனங்களைக் கர்னல் கோப்புகளாகக் காட்டும் சிஸ்எஃப்எஸ்ஸில் அந்த இன்டர்ஃபேஸின் கோப்பகத்துக்குள் இதே பெயரில் ஒரு கோப்பு இருக்கும். திறந்து பார்த்தால் ஒரே ஒரு வரிதான் இருக்கும்.

சரம் தயாரானதும் கர்னல் ஒரு யூஈவென்ட் அனுப்புகிறது. கர்னல் வெளி நிரல்களோடு பேசும் நெட்லிங்க் சாக்கெட் வழியாகப் போகும் சின்ன உரைச் செய்தி அது: ஒரு சாதனம் சேர்ந்தது, இது அதன் பாதை, இது அதன் மோட்அலையஸ். யூடெவ் அதைக் கேட்டுக்கொண்டிருக்கும். அதன் விதிகளில் டிரைவர் ஏற்றுவதற்கென்று இருக்கும் முக்கியமான விதி ஒரே வரிதான்: மோட்அலையஸ் காலியாக இல்லையென்றால் அதை மாட்யூல்களை ஏற்றித் தரும் கேமோட் லைப்ரரியிடம் கொடு. ‘இது கீபோர்டு, ஆகவே இந்த மாட்யூல்’ என்கிற மாதிரி எந்த அறிவும் யூடெவ்வுக்குள் கிடையாது. இவ்வளவு முக்கியமான வேலை இவ்வளவு எளிமையாக இருப்பதை நான் உண்மையிலேயே ரசிக்கிறேன். புதிய டிரைவர் வந்தால் யூடெவ்வில் ஒரு எழுத்தைக்கூட மாற்ற வேண்டியதில்லை.

அந்த அறிவு இருப்பது டிரைவரின் மூலநிரலில். எந்தெந்தச் சாதனங்களை ஏற்பேன் என்று ஒவ்வொரு டிரைவரும் ஒரு அட்டவணை வைத்திருக்கும். மாட்யூல் டிவைஸ் டேபிள் என்ற மேக்ரோவால் அந்த அட்டவணையைக் குறித்துவைத்தால், கர்னலைக் கட்டும்போது மோட்போஸ்ட் என்ற கருவி அதைப் படித்து, மோட்அலையஸ் சரத்தின் அதே வடிவில் அலையஸ்களாக மாற்றி மாட்யூல் கோப்புக்குள் பதித்துவிடும். எண் எதுவாக இருந்தாலும் பரவாயில்லை என்ற இடங்களில் நட்சத்திரக்குறி விழும். யூஎஸ்பி-ஹெச்ஐடி டிரைவரின் அலையஸில் இன்டர்ஃபேஸ் கிளாஸ் 03 என்பதைத் தவிர மற்ற எல்லா இடத்திலும் நட்சத்திரம்தான். உலகத்தில் எவர் செய்த யூஎஸ்பி கீபோர்டும் அதில் விழுவது அதனால்தான். பிறகு டெப்மோட் என்ற கருவி எல்லா மாட்யூல்களிலும் உள்ள அலையஸ்களைத் திரட்டி, கர்னல் பதிப்பின் பெயரில் உள்ள கோப்பகத்துக்குள் மாட்யூல்ஸ்.அலையஸ் என்ற கோப்பாக வைக்கும். கேமோட் தேடுவது இதில்தான். வேகத்துக்காக இதன் பைனரி வடிவத்தைப் பயன்படுத்துகிறது.

யூஎஸ்பி-ஹெச்ஐடி ஏறியாயிற்று. இன்னும் ஒரு எழுத்தைக்கூடத் தட்ட முடியாது.

இரண்டாவது சுற்று ஹெச்ஐடி பஸ்ஸில் நடக்கிறது. யூஎஸ்பி-ஹெச்ஐடி என்பது வெறும் போக்குவரத்து. சாதனத்திடமிருந்து வரும் பைட்டுகளை மேலே கொண்டு சேர்ப்பதோடு அதன் கடமை முடிந்தது. அந்த பைட்டுகளுக்கு என்ன பொருள் என்பது சாதனத்தின் ரிப்போர்ட் டிஸ்கிரிப்டரில் இருக்கிறது. ஹெச்ஐடி கோர் அதை வாங்கி, மேலோட்டமாக ஒரு பார்வை பார்த்து, சாதனம் எந்தக் குழுவைச் சேர்ந்தது என்று முடிவு செய்கிறது: சாதாரணமா, மல்டிடச்சா, சென்சார் ஹப்பா. பிறகு ஹெச்ஐடி பஸ்ஸில் ஒரு புதிய சாதனத்தைப் பதிவு செய்கிறது. அதற்கும் ஒரு மோட்அலையஸ் உண்டு. பஸ் எண் யூஎஸ்பி என்றால் 0003, புளூடூத் என்றால் 0005, போர்டுக்குள் சிப்களை இணைக்கும் ஐ2சி என்றால் 0018. தொடர்ந்து குழு, தயாரிப்பாளர், பொருள். மறுபடியும் ஒரு யூஈவென்ட், மறுபடியும் யூடெவ். சாதாரணச் சாதனமென்றால் ஹெச்ஐடி-ஜெனரிக் வரும். தனி டிரைவர் தேவைப்படும் சாதனமென்றால் அதற்குரியது வரும்.

இங்கே ஒரு பழைய தலைவலி இருந்தது. தனி டிரைவர் வேண்டிய சாதனங்களின் எண்களையெல்லாம் ஹெச்ஐடி கோருக்குள்ளேயே ஒரு நீண்ட பட்டியலாக வைத்திருந்தார்கள். அதில் இருப்பவற்றை ஜெனரிக் டிரைவர் தொடாது. புதிய டிரைவர் எழுதியவர் அந்தப் பட்டியலிலும் சேர்க்க மறந்தால் ஜெனரிக் முந்திக்கொள்ளும். 2018-ல் வந்த 4.16 கர்னலிலிருந்து அந்தக் கட்டாயம் போய்விட்டது. இப்போது ஜெனரிக் முதலில் பிடித்திருந்தாலும், தனி டிரைவர் பின்னால் வந்து சேர்ந்தால் ஜெனரிக் விட்டுக்கொடுக்கும். தானியங்கி ஏற்றத்தில் எந்த மாட்யூல் எப்போது வரும் என்று யாராலும் உறுதி சொல்ல முடியாது. வரிசையை நம்பாத வடிவமைப்பு மட்டுமே இங்கே நிலைக்கும் என்பதற்கு இந்த மாற்றம் நல்ல சான்று.

மூன்றாவது சுற்றுதான் உங்கள் துணைக்கேள்விக்கு நேராகப் போகிறது. ஹெச்ஐடி டிரைவர் ரிப்போர்ட் டிஸ்கிரிப்டரை முழுதாகப் படித்து, இன்புட் கோரிடம் ஒரு உள்ளீட்டுச் சாதனத்தைப் பதிவு செய்கிறது. இப்போது அது யூஎஸ்பியா, புளூடூத்தா, ஐ2சியா என்பது முக்கியமில்லை. எந்த வகை நிகழ்வுகளை அது அனுப்பும் என்பதே அடையாளம்: விசை, சார்பு நகர்வு (முன்பிருந்த இடத்திலிருந்து எவ்வளவு நகர்ந்தது), முழு ஆயம் (பரப்பில் சரியாக எந்த இடம்), எல்இடி விளக்கு, ஒலி, அதிர்வு, சுவிட்ச். ஒவ்வொன்றுக்கும் ஒரு பிட்வரிசை. இந்தச் சாதனத்தின் மோட்அலையஸில் பஸ், தயாரிப்பாளர், பொருள் எண்கள் வந்தாலும், அதற்குப் பிறகு வருகிற நீண்ட பகுதி இந்தத் திறன்களின் பட்டியல்தான். சாதாரணக் கீபோர்டு ஒன்றில் நிகழ்வு வகைகள் 0, 1, 4, 11, 14 என்று இருக்கும், எல்லாம் ஹெக்ஸ் எண்கள். 0 ஒத்திசைவு, 1 விசை, 4 இதர வகை, 11 எல்இடி, 14 விசை அழுத்திப் பிடித்தால் திரும்பத் திரும்ப வருவது. அடுத்து விசைகளின் எண்கள்.

அந்த விசைப் பட்டியலைக் கவனித்தால், சாதாரண எழுத்து விசைகள் எதுவும் அதில் இருக்காது. ஒலியை நிறுத்தும் மியூட் விசையின் எண்ணான ஹெக்ஸ் 71-லிருந்துதான் பட்டியல் தொடங்கும். கீழே உள்ள எல்லாவற்றையும் எழுதினால் சரம் அனாவசியமாக நீளும், எந்த மாட்யூலும் அந்தச் சாதாரண விசைகளை வைத்துத் தேர்வு செய்யப்போவதுமில்லை என்பதால் வேண்டுமென்றே விட்டிருக்கிறார்கள். அப்படியும் நீளம் ஒருமுறை வம்பில் மாட்டியது. யூஈவென்ட் செய்திக்கான இடம் 2048 பைட்டுகள். ஜென் மெய்நிகர் கணினிகளில் வரும் கீபோர்டு, எதற்கும் இருக்கட்டும் என்று இருக்கிற விசைகள் எல்லாவற்றையும் தன்னிடம் உள்ளதாக அறிவித்தது. மோட்அலையஸ் அந்த இடத்தைத் தாண்டியது. யூஈவென்ட்டையே உருவாக்க முடியவில்லை. கர்னலுக்குள் சாதனம் இருந்தும் வெளியே யாருக்கும் தெரியவில்லை. 2024-ல் இன்புட் கோரைத் திருத்தி, சரம் அளவு மீறினால் விசைப் பகுதியை வெட்டிச் சுருக்கும்படி செய்தார்கள்.

இந்த மூன்றாவது சரத்தோடு பொருந்தக் காத்திருப்பவை ஹேண்ட்லர்கள், அதாவது உள்ளீட்டு நிகழ்வுகளை வாங்கி மேலே தரும் பகுதிகள். ஈவ்டெவ் எதையும் ஏற்கும். அதன் அலையஸில் எல்லா இடத்திலும் நட்சத்திரம். இன்றைய டெஸ்க்டாப்புகள் எல்லாம் அது தரும் ஈவென்ட் கோப்புகளைத்தான் படிக்கின்றன. மவுஸ்டெவ், நகர்வும் இடது பொத்தானும் இருப்பவற்றைத் தேடும். பழைய நிரல்களுக்காக எல்லா மவுஸ்களையும் கலந்து ‘மைஸ்’ என்ற ஒரே கோப்பில் தரும். கன்சோல் கீபோர்டு ஹேண்ட்லரும் அவசர விசைக் கட்டளைகளுக்கான சிஸ்ஆர்க்யூவும் கர்னலுக்குள்ளேயே இருப்பவை.

ஜாய்டெவ்வின் அட்டவணையில் ஜாய்ஸ்டிக் பொத்தான், கேம்பேட் பொத்தான், ஸ்டியரிங் சக்கரம், திராட்டில் எல்லாம் உண்டு. அவற்றோடு, முழு ஆயத்தில் எக்ஸ் அச்சு இருந்தாலே போதும் என்று ஒரு வரியும் உண்டு. பழைய ஜாய்ஸ்டிக்குகளை அடையாளம் காண அது அவசியம். ஆனால் டச்பேடும் முழு ஆயத்தில் எக்ஸ் அச்சைத் தரும் சாதனம்தான். ஆகவே டச்பேடின் மோட்அலையஸ் ஜாய்டெவ்வின் அலையஸோடு பொருந்துகிறது, யூடெவ் ஜாய்டெவ்வை ஏற்றுகிறது. ஏறிய பிறகு ஜாய்டெவ் தன் சொந்த சோதனையை நடத்தி, ‘இதில் தொடு விசை இருக்கிறது, இது என் வேலை இல்லை’ என்று விலகிக்கொள்கிறது. மாட்யூல் மட்டும் பட்டியலில் தங்கிவிடுகிறது. இதில் பிழை எதுவும் இல்லை. அலையஸ் என்பது ஒரு பரந்த சல்லடை. ‘இது இருக்க வேண்டும்’ என்று அதில் எழுதலாம், ‘அது இருக்கக் கூடாது’ என்று எழுத வழியில்லை. இல்லாமையைச் சோதிக்க வேண்டுமானால் மாட்யூலின் குறிநிரல் ஓடியாக வேண்டும், அது ஓட வேண்டுமானால் மாட்யூல் முதலில் ஏறியாக வேண்டும். அதை நீக்குவதற்கென்று மெனக்கெட வேண்டாம்.

மாட்யூல் ஏன் தானாக இறங்குவதில்லை என்று அடுத்து கேட்கத் தோன்றும். சாதனத்தைக் கழற்றினால் டிரைவருக்கும் சாதனத்துக்கும் உள்ள பிணைப்புதான் அறுகிறது. மாட்யூல் நினைவகத்தில் இருக்கும். ஓடும் கர்னலிலிருந்து குறிநிரலை அகற்றுவது சிக்கலான வேலை, மிச்சமாகும் நினைவகமோ அற்பம். ஏற்றம் தானியங்கி, இறக்கம் உங்கள் கையில் என்ற ஏற்பாடு சரியானதே.

இன்புட் கோருக்குள் நடக்கும் பொருத்தம் இருபுறமும் வேலை செய்யும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். சாதனங்களுக்கு ஒரு பட்டியல், ஹேண்ட்லர்களுக்கு ஒரு பட்டியல். புதிய சாதனம் வந்தால் இருக்கிற ஹேண்ட்லர்கள் எல்லாவற்றோடும் ஒப்பிடப்படும். புதிய ஹேண்ட்லர் வந்தால் இருக்கிற சாதனங்கள் எல்லாவற்றோடும் ஒப்பிடப்படும். ஈவ்டெவ் பத்து நிமிடம் தாமதமாக ஏறினாலும் கீபோர்டு அதனோடு சேர்ந்துகொள்ளும். யூடெவ் தொடங்குவதற்கு முன்பே வந்துவிட்ட சாதனங்களின் கதையும் இப்படித்தான்: யூடெவ் தொடங்கியதும் சிஸ்எஃப்எஸ்ஸில் உள்ள யூஈவென்ட் கோப்புகள் ஒவ்வொன்றிலும் ‘ஆட்’ என்று எழுதப்படும், கர்னல் பழைய செய்திகளை மறுபடி அனுப்பும்.

இதுவரை சொன்னது தன்னைப் பற்றிப் பேசத் தெரிந்த சாதனங்களுக்கு. பழைய கீபோர்டு-மவுஸ் இணைப்பு முறையான பிஎஸ்/2 அப்படியில்லை. பல லேப்டாப்புகளின் உள் கீபோர்டு இன்றும் பிஎஸ்/2 வழியில்தான் இருக்கிறது. பிஎஸ்/2-ஐ இயக்கும் 8042 கன்ட்ரோலர் இருக்கிறதா என்பதை, வன்பொருளை விவரிக்கும் ஃபர்ம்வேர் அட்டவணைகளான ஏசிபிஐ சொல்கிறது. கீபோர்டுக்கு பிஎன்பி0303 போன்ற அடையாளங்கள். கர்னலின் சீரியோ பஸ்ஸில் இரண்டு போர்ட்டுகள் பதிவாகி, கீபோர்டுக்கு ஏடிகேபிடியும் மவுஸுக்கு பிஎஸ்மவுஸும் வரும். சீரியோ சரத்தில் போர்ட்டின் வகைக்கு மேல் பெரிதாக ஒன்றும் இருக்காது. மறுமுனையில் இருப்பது சாதா மவுஸா, சக்கரம் வைத்த மவுஸா, டச்பேடா என்பதை பிஎஸ்மவுஸ் தானே தட்டிப் பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டும். நொடிக்கு எத்தனை முறை தகவல் அனுப்ப வேண்டும் என்ற கட்டளையை 200, 100, 80 என்ற மதிப்புகளோடு அடுத்தடுத்து அனுப்பிவிட்டு, ‘உன் எண் என்ன’ என்று கேட்கும். சாதா மவுஸ் மூன்று கட்டளைகளையும் சாதுவாக ஏற்றுக்கொண்டு 0 என்று சொல்லும். சக்கர மவுஸுக்கு அந்த வரிசை ஒரு ரகசியக் குறி. அது 3 என்று சொல்லும். 200, 200, 80 என்று அனுப்பினால் ஐந்து பொத்தான் மவுஸ் 4 என்று சொல்லும். அனுப்பிய எல்லாமே முறையான கட்டளைகள் என்பதால் பழைய மவுஸுக்கு எந்தக் கேடும் வராது. தயாரிப்பாளர்கள் ஒவ்வொருவருக்கும் இப்படி ஒரு குறி இருப்பதால், பிஎஸ்மவுஸ் ஒரே மாட்யூலுக்குள் நிறைய நெறிமுறைகளைச் சுமக்கிறது. ஏற்றிய பிறகு கண்டுபிடிக்கும் வழி இது.

ஐ2சி டச்பேடுகள் வேறு விதமாகப் படுத்தும். ஏசிபிஐயில் பிஎன்பி0சி50 என்ற பொது அடையாளத்தைப் பார்த்து ஐ2சி-ஹெச்ஐடி டிரைவர் ஏறிவிடும், ஆனால் டச்பேட் அசையாது. அந்த டிரைவருக்குக் கீழே ஐ2சி கன்ட்ரோலரின் டிரைவர் வேண்டும், குறுக்கீட்டுக்கான (‘தகவல் இருக்கிறது’ என்று சாதனம் கர்னலைக் கூப்பிடும் சைகைக்கான) ஜிபிஐஓ பின்களின் டிரைவர் வேண்டும். ஜிபிஐஓ இன்னும் வரவில்லையென்றால் ‘பிறகு முயற்சி செய்’ என்று கர்னல் ஒத்திவைக்கும். ஜிபிஐஓ மாட்யூலே இல்லாத கர்னலில் அந்தப் பிறகு வரவே வராது. டச்பேட் வேலை செய்யவில்லை என்று வருபவர்கள் மாட்யூல் பட்டியலைக் காட்டி ‘டிரைவர் ஏறியிருக்கிறதே’ என்பார்கள். ஏறுவது வேறு, பிணைவது வேறு. ஒத்திவைக்கப்பட்டவற்றின் பட்டியல், பிழை தேடுவதற்கென்று கர்னல் தரும் டீபக்எஃப்எஸ்ஸில் கிடைக்கும். முதலில் அதைப் பாருங்கள்.

பழுது தேடும்போது நான் கீழிருந்து மேலே போவேன். பஸ்ஸில் சாதனம் தெரிகிறதா? இல்லையென்றால் டிரைவரைப் பற்றிப் பேசுவதே வீண். கேபிளையோ கன்ட்ரோலரையோ பார்க்க வேண்டும். தெரிந்தால், அதன் மோட்அலையஸை எடுத்து, மாட்யூல் ஏற்றும் கட்டளையான மோட்புரோப்பிடம் பெரிய ஆர் விருப்பத்தோடு கொடுங்கள். எதையும் ஏற்றாமல், எந்த மாட்யூல் பொருந்துகிறது என்று மட்டும் சொல்லும். பெயர் வந்தும் ஏறவில்லை என்றால் கர்னல் லாகைப் படியுங்கள். ஏறியும் பயனில்லை என்றால் சிஸ்எஃப்எஸ்ஸில் சாதனத்தின் கோப்பகத்தில் டிரைவர் என்ற இணைப்பு இருக்கிறதா என்று பாருங்கள். கடைசியாக, பிராக் கோப்பகத்தில் பஸ், அதற்குள் இன்புட், அதற்குள் டிவைசஸ் என்ற கோப்பு. ஒவ்வொரு சாதனத்துக்கும் ஹேண்ட்லர்ஸ் என்று ஒரு வரி அதில் இருக்கும். கீபோர்டுக்கு அங்கே சிஸ்ஆர்க்யூ, கேபிடி, ஈவென்ட்3, லெட்ஸ் என்பதுபோல் வர வேண்டும். அந்த வரியில் ஈவென்ட் எதுவும் இல்லையென்றால் மூன்றாவது சுற்று நடக்கவில்லை. இருந்தால் கர்னல் தன் வேலையை முடித்துவிட்டது. சிக்கல் அதற்கு மேலே.

பெரும்பாலும் மாட்டுவது சில காரணங்கள்தான். ஓடிக்கொண்டிருக்கும் கர்னலைப் புதுப்பித்துவிட்டு ரீபூட் செய்யாமல் இருப்பது முதல் காரணம். சில டிஸ்ட்ரோக்கள் புதுப்பிக்கும்போது பழைய பதிப்பின் மாட்யூல் கோப்பகத்தை நீக்கிவிடும். ஏற்கெனவே ஏறியவை ஓடும், புதிதாக எதைச் செருகினாலும் மவுனம். சொந்தமாக டிரைவர் எழுதுபவர்களிடம் மிக அதிகம் பார்ப்பது, அட்டவணையை எழுதிவிட்டு மாட்யூல் டிவைஸ் டேபிள் மேக்ரோவை விட்டுவிடுவது. கையால் ஏற்றினால் எல்லாம் சரியாக ஓடும், செருகினால் மட்டும் வராது. மாட்யூலின் தகவலில் அலையஸ் வரி ஒன்றுகூட இல்லையென்றால் இதுதான். எஸ்பிஐ என்ற சிப் இணைப்பு வழியில் வரும் தொடுதிரைகளில் இன்னொரு கண்ணி: வன்பொருள் விவரக் கோப்பான டிவைஸ் ட்ரீயில் சாதனத்தை விவரித்திருந்தாலும் எஸ்பிஐ கோர் தன் பாணியிலேயே மோட்அலையஸ் எழுதும். ஆகவே டிரைவரில் டிவைஸ் ட்ரீ அட்டவணை மட்டும் இருந்தால் போதாது, எஸ்பிஐ அட்டவணையும் வேண்டும். டெவ்டிஎம்பிஎஃப்எஸ்ஸை மட்டும் நம்பிச் சின்ன எம்பெடட் அமைப்பு கட்டுபவர்களும் இங்கே தடுக்குவார்கள். அது சாதனக் கோப்புகளை உருவாக்கும், மாட்யூலை ஏற்றாது. பிஸிபாக்ஸின் எம்டெவ் போல யூஈவென்ட்டைக் கேட்க யாராவது இருந்தாக வேண்டும்.

டிஸ்க்கை முழுதாக என்கிரிப்ட் செய்தவர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. கடவுச்சொல் கேட்கும் திரை வரும்போது உங்கள் ரூட் பார்ட்டிஷன் திறக்கப்படவில்லை. கிடைப்பது, பூட்டின் தொடக்கத்தில் நினைவகத்தில் ஏறும் சின்ன இமேஜான இனிட்ராம்எஃப்எஸ்ஸுக்குள் இருக்கும் மாட்யூல்கள் மட்டும். இமேஜ் கட்டிய நேரத்தில் செருகியிருந்த வன்பொருளுக்கு மட்டும் மாட்யூல்களைச் சேர்க்கும் அமைப்பாக இருந்தால், வேறு கீபோர்டை மாட்டியதும் கடவுச்சொல்லைத் தட்டவே முடியாது. ஆர்ச் லினக்ஸில் அந்த இமேஜைக் கட்டும் எம்கேஇனிட்சிபிஐஓ அமைப்பில் கீபோர்டு ஹுக்கை ஆட்டோடிடெக்ட்டுக்கு முன்னால் வைத்தால் எல்லா கீபோர்டு மாட்யூல்களும் உள்ளே போகும். இமேஜ் கட்டும் இன்னொரு கருவியான டிராகட்டில் ஹோஸ்ட்ஒன்லி அமைப்பைத் தளர்த்தலாம். இமேஜ் சில மெகாபைட் பெரிதாகும். வெளியே மாட்டி நிற்பதைவிட அது எவ்வளவோ மேல்.

பிளாக்லிஸ்ட் பற்றியும் பலருக்குத் தவறான எண்ணம் இருக்கிறது. மோட்புரோப் அமைப்பில் பிளாக்லிஸ்ட் என்று எழுதினால், அந்த மாட்யூலின் உள் அலையஸ்கள் கண்டுகொள்ளப்படாது என்றுதான் பொருள். பெயர் சொல்லி ஏற்றினாலோ வேறொரு மாட்யூலுக்குத் தேவைப்பட்டாலோ அது ஏறும். பீப் ஒலி தரும் பிசிஎஸ்பிகேஆரை நிறுத்த இது போதும். அதுவும் இன்புட் அமைப்பைச் சேர்ந்த மாட்யூல்தான். ஒலி நிகழ்வை வாங்கும் சாதனமாகப் பதிவாகிறது. ஒரு மாட்யூல் ஏறவே கூடாது என்றால் இன்ஸ்டால் வரியைப் போட்டு, ஃபால்ஸ் கட்டளையை ஓட்டச் சொல்லுங்கள்.

சாதனம் வந்ததும் ஏற்றுவது ஒரு வழி; யாராவது கேட்கும்போது ஏற்றுவது இன்னொன்று, அதுதான் மூத்த வழி. 2.0 கர்னல் காலத்தில் கர்னல்டி என்ற டீமன் (பின்னணியில் ஓடும் நிரல்), 2.2-லிருந்து கர்னலுக்குள்ளேயே கேமோட் என்ற பகுதி (மேலே சொன்ன லைப்ரரி வேறு). நிரல் ஒரு சாதனக் கோப்பைத் திறந்தால், அதை அடையாளம் காட்டும் மேஜர், மைனர் என்ற இரண்டு எண்களை வைத்து கர்னல் மோட்புரோப்பை அழைக்கும். யூஇன்புட் இன்றும் இப்படித்தான் வருகிறது. வன்பொருள் எதுவும் இல்லாத, நிரல்களே கீபோர்டாக நடிக்க உதவும் சாதனம் அது. அதற்காக யாரும் யூஈவென்ட் அனுப்பப்போவதில்லை. அதனால் மாட்யூல்ஸ்.டெவ்நேம் கோப்பில் அதன் பெயரும் 10, 223 என்ற எண்களும் இருக்கும். பூட் ஆகும்போதே வெறும் கோப்பு உருவாகிவிடும், முதல் முறை திறக்கும்போது மாட்யூல் வந்து சேரும்.

மற்ற அமைப்புகளும் இதே முடிச்சைத்தான் அவிழ்க்கின்றன. விண்டோஸில் ஹார்ட்வேர் ஐடி, கம்பேட்டிபிள் ஐடி என்று துல்லியத்திலிருந்து பொதுவுக்குப் போகும் பட்டியல், ஐஎன்எஃப் கோப்புகளோடு ஒப்பீடு; மேலே கேபிடிகிளாஸ், மவுகிளாஸ் என்ற பொது அடுக்கு. ஃப்ரீபிஎஸ்டியில் 2018-ல் வந்த 12-ஆம் பதிப்பிலிருந்து டெவ்மேட்ச் என்ற கருவி, டிரைவர்களுக்குள் பதித்த அட்டவணையைப் படித்து ஏற்றுகிறது. ஓபன்பிஎஸ்டி 2015-ன் 5.7 பதிப்பில் மாட்யூல் வசதியையே எடுத்துவிட்டது. எல்லா டிரைவரும் ஒரே கர்னலுக்குள். டிரைவர் தொகுப்பு சிறிதாக இருக்கும்வரை அந்தத் துணிச்சல் செல்லும். லினக்ஸ் அளவுக்குப் பெருகிய தொகுப்புக்கு அது ஒத்துவராது.

பாதுகாப்பைச் சொல்லாமல் விட முடியாது. மேலே விவரித்த எல்லாமே, சாதனம் தன்னைப் பற்றிச் சொல்வதை நம்பும் ஏற்பாடு. பென்டிரைவ் போலத் தோன்றும் ஒன்று ‘என் கிளாஸ் 03, புரோட்டோகால் 01’ என்று சொன்னால் அது கீபோர்டுதான்; உங்கள் பெயரில் கட்டளைகளைத் தட்டும். 2014-ல் பேட்யூஎஸ்பி என்ற பெயரில் இது பகிரங்கமாகக் காட்டப்பட்டது. வேறொரு ஆபத்தும் உண்டு: யாரும் பயன்படுத்தாத பழைய டிரைவரின் அலையஸோடு பொருந்தும் எண்களை ஒரு சாதனம் சொன்னால், பல வருடம் யாரும் தொடாத குறிநிரல் கர்னல் உரிமையோடு ஓடத் தொடங்கும். உங்கள் சொந்த லேப்டாப்பில் இதற்காகத் தானியங்கி ஏற்றத்தை நிறுத்தச் சொல்லமாட்டேன். பொது இடத்தில் வைத்த கணினி, சர்வர் என்றால் நிலைமை வேறு. யூஎஸ்பி கோரின் ஆதரைஸ்டு-டீஃபால்ட் மதிப்பை 0 ஆக்கினால், புதிதாகச் செருகும் எதுவும் நீங்கள் அனுமதிக்கும்வரை டிரைவரோடு பிணையாது. யூஎஸ்பிகார்ட் என்ற கருவி இதையே விதிகளாக எழுத விடுகிறது. தேவையான மாட்யூல்கள் எல்லாம் ஏறிய பிறகு கர்னலின் மாட்யூல்ஸ்-டிசேபிள்டு அமைப்பை 1 ஆக்கினால், ரீபூட் வரை எதுவும் ஏறாது. திரும்ப 0 ஆக்கவும் முடியாது. எதைச் செய்வதானாலும், இப்போது செருகியிருக்கும் உங்கள் கீபோர்டு அனுமதிப் பட்டியலில் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, நெட்வொர்க் வழியாக உள்ளே வர இன்னொரு செஷனையும் திறந்து வைத்துக்கொண்டு செய்யுங்கள்.